வாகைக்குளம் – கோயம்புத்தூர்: 280 கிலோமீட்டர், பத்தேகால் மணி நேரம்

தென்மாவட்டங்களில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு விமானம் விடலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கும், அதற்கு அட்டவணை போடும் விமான நிறுவனத்தாருக்கும் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்.

போன மாதம் உங்கள் அலுவலகங்களில் ஒன்றிலிருந்து எனக்குப் பதில் வந்தது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து கோயம்புத்தூருக்கு நேரடி விமானம் வேண்டும் என்று நான் அனுப்பியிருந்த மனுவுக்கான பதில். அரைப் பக்கம்தான். இரண்டு நிலையங்களுக்கும் இடையே வான்தூரம் குறைவு, சாலை வசதியும் ரயில் வசதியும் இருக்கின்றன, எனவே நேரடி சேவைக்கு இப்போதைக்கு அவசியம் எழவில்லை என்பது அதன் சாரம். அடியில் ஒரு கையெழுத்து. யாருடையது என்று எழுத்துக் கூட்டியும் படிக்க முடியவில்லை.

அந்தக் கடிதத்தைக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். கோயம்புத்தூரில் மகன் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "தூரம் கொறவுன்னா, எதுலய்யா கொறவு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்பதற்குத்தான் இந்த மடல்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். சமாதானபுரத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருஷமாகக் கடை. கிணற்று மோட்டார், ரைஸ்மில் மோட்டார், போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் எல்லாம் என் மேஜைக்கு வந்து போனவைதான். பம்ப்செட் தொழில் என்றால் கோயம்புத்தூர் என்று ஆகி எத்தனையோ காலம் ஆயிற்று. ஸ்டாம்பிங், பேரிங், இம்பெல்லர் என்று எனக்கு வேண்டியதில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மாதம் ஒருமுறையாவது நானே போக வேண்டியிருக்கும். இரவு ரயிலில் ஏறினால் விடிந்தபின் கோவை. அரை நாள் வேலை. மறுபடி இரவு ரயில். அரை நாள் வேலைக்கு இரண்டு ராத்திரித் தூக்கம் போய்விடும். இதை நான் புகாராகச் சொல்லவில்லை. தொழில் செய்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம். என் மனு வேறொரு நாளிலிருந்து பிறந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், தூரத்தை முடித்துவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன "குறைந்த வான்தூரம்" எவ்வளவு என்று எனக்குத் தெரிந்த வழியில் அளந்து பார்த்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய தமிழ்நாடு வரைபடம் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்குகிறது. காயிலுக்குச் சுற்றும் மெல்லிய காப்பர் கம்பியை எடுத்து, ஒரு முனையை வாகைக்குளத்தில் வைத்து, மறு முனையைக் கோயம்புத்தூருக்கு விறைப்பாக இழுத்துப் பிடித்தேன். வரைபடத்தின் அடியில் இருக்கும் அளவுக்கோட்டில் வைத்துப் பார்த்தால் 280 கிலோமீட்டர், ஒன்றிரண்டு முன்னே பின்னே. இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை.

அந்தக் கம்பி போன பாதைதான் எனக்குப் பிடித்திருந்தது. கோவில்பட்டியைத் தொட்டு, சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் நுழைந்து, தேனி மேல் ஏறி, கொடைக்கானல் மலைக்கு மேற்கால உரசி, உடுமலைப்பேட்டைப் பக்கம் இறங்கிக் கோயம்புத்தூர் போகிறது. அந்த வழியில் ஒரு விமானம் போனால், மழைக்காலத்தில் இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தவனுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க ஓசியில் காட்சி.

அப்புறம் இரண்டாவது கம்பி. இன்றைக்கு வாகைக்குளத்திலிருந்து ஒருவன் விமானத்திலேயே கோவை போக வேண்டும் என்றால் சென்னை போய்த் திரும்ப வேண்டும், இல்லையென்றால் பெங்களூர். சென்னைக்கு நேர்கோட்டில் 530 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கோவைக்கு 405. கூட்டினால் 935. கம்பியை வைத்துப் பார்த்தால், தஞ்சாவூர் ஓரமாக வடக்கே ஏறி, சேலத்துக்கு மேலே தென்மேற்கே திரும்பி வருகிறது. முதல் கம்பியைப் போல மூன்று கம்பிகளை ஒன்றோடு ஒன்று முறுக்கிச் சேர்த்தாலும் இந்தக் கம்பியின் நீளத்துக்கு எட்டாது.

இப்போது அந்த நாள்.

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறரைக்கு மகளின் ஹாஸ்டலிலிருந்து போன். கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ராத்திரி முழுக்க வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அப்பெண்டிக்ஸ், சாயங்காலத்துக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டும், பெற்றோர் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும். பகல் ரயில் ஒன்று உண்டு. அது ஊர் ஊராக நின்று, இருட்டிய பிறகுதான் கோவை சேரும். போதாததற்குப் பொங்கல் முடிந்து திரும்புகிற கூட்டம்.

வீட்டில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நான் விமானத்தில் முந்திப் போய்க் கையெழுத்துப் போடுவது. என் மனைவியையும் துணிமணிகளையும் ஏற்றிக்கொண்டு மச்சான் காரில் பின்னால் வருவது. எல்லோருக்கும் இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. டிக்கெட் இரண்டும் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம். அவசரத்துக்கு வாங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

எட்டு ஐந்துக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். கே.டி.சி. நகர், வசவப்பபுரம், வல்லநாடு. ஆற்றுப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு இரண்டு திசை வண்டிகளையும் மறு பக்கத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள். தாமிரபரணியை அத்தனை நிதானமாக நான் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. வாகைக்குளம் போய்ச் சேர ஒன்பது.

புது டெர்மினலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 2025 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் வந்து திறந்துவைத்த கட்டடம். 450 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 17,340 சதுர மீட்டர் பரப்பு, நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1,350 பயணிகளைக் கையாளும் வசதி. 1992-இல் வந்த பழைய நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். முன்பு 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இப்போது 3,115 மீட்டர். ஏ.டி.ஆர். என்கிற சின்ன விசிறி விமானம் மட்டும் இறங்கிய இடத்தில் இனி பெரிய ஜெட்டும் இறங்கலாம். குளுகுளுவென்று இருந்தது. நாற்காலிகளும் நிறைய இருந்தன. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பத்து இருபதுக்குக் கிளம்ப வேண்டிய விமானம் நாற்பது நிமிஷம் தாமதம் என்று அறிவிப்பைக் கேட்டேன்.

பதினொன்றுக்குக் கிளம்பி, பன்னிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் சென்னையில் இறக்கினார்கள். அங்கிருந்து கோவைக்கு ஒன்றேகாலுக்கு ஒரு விமானம் இருந்தது. நான் அதற்கு டிக்கெட் போடவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். முதல் விமானம் ஒரு கம்பெனி, இரண்டாவது இன்னொரு கம்பெனி. ஒரே டிக்கெட்டாக வராது. முதலாவது தாமதமானால் இரண்டாவதுக்குக் கொடுத்த காசு போச்சு, பயணமும் போச்சு. அதனால் டிக்கெட் எடுத்துக் கொடுத்த பையன், "அண்ணாச்சி, ரிஸ்க் எடுக்காதிய, நாலு பத்து பிளைட்டைப் போட்டிருதேன்" என்றான். அவன் சொன்னது சரி. ஒன்றேகால் விமானத்துக்குப் போட்டிருந்தால் தவறவிட்டிருப்பேன். ஆக, தாமதம் வந்தாலும் வராவிட்டாலும் சென்னையில் மூன்றரை மணி நேரமாவது உட்கார வேண்டும் என்பது என் டிக்கெட்டிலேயே எழுதியிருந்த விதி.

மூன்றே முக்காலுக்கு வரிசையில் நிற்கும்போது மச்சானிடமிருந்து போன்.

"அத்தான், நாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாச்சு. நான் வாசல்ல நிக்கேன், அக்கா உள்ள இருக்கா. நீங்க எந்த மாடில இருக்கிய?"

"நான் மெட்ராஸ்ல இருக்கேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "மெட்ராஸ்லயா? அங்க எதுக்குப் போனிய?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். எட்டரைக்கு வீட்டிலிருந்து கிளம்பி, கோவில்பட்டி தாண்டி ஒரு டீ, திண்டுக்கல்லில் சாப்பாடு, ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, மூன்றரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். ஏழு மணி நேரம். அவர் திண்டுக்கல்லில் இலை போட்டுச் சாப்பிட்ட நேரத்தில் நான் சென்னையில் நூற்றெழுபது ரூபாய் காபியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறு இருபது. வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்தேகால் மணி நேரம். கையெழுத்தை என் மனைவி போட்டாள். மகளைத் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது கூட நின்றவர் மச்சான். ஒன்பது மணி வாக்கில் மயக்கம் தெளிந்து கண் விழித்தவள், "அப்பா, எப்ப வந்திய?" என்று கேட்டாள். "ஆறே காலுக்கும்மா." "கார்லயா?" "இல்ல, பிளைட்டுல." அவளுக்குத் தையல் வலிக்கும் என்று நர்ஸ் சிரிக்கவிடவில்லை.

இப்போது எல்லோரும் நலம். எங்கள் வீட்டில் இது சிரிப்புக் கதையாகியும் விட்டது. ஆனால் அந்த நாளில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்திருந்தால் இதை யாரும் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டோம். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

சரி, உங்கள் பதிலுக்கு வருகிறேன். வான்தூரம் குறைவு என்பதால் அவசியம் இல்லை என்கிறீர்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் வான்தூரம் என்ன? ஏறக்குறைய 270 கிலோமீட்டர். எங்கள் தடத்தைவிடக் குறைவு. அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் சதாப்தி ரயில் ஓடுகிறது, 2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது, அகலமான சாலை இருக்கிறது, போதாதென்று புது விரைவுச்சாலை வேறு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் தினமும் எத்தனை விமானம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து கோவை 250 கிலோமீட்டர்தான், அங்கே விமானம் உண்டு. சென்னையிலிருந்து திருச்சி 295, அங்கேயும் உண்டு. இவர்களில் யாரிடமும் போய் உங்கள் ஊர் பக்கம்தானே, பஸ்ஸில் போங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

2016-இல் அறிவித்து 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லிக்கு முதல் விமானம் விட்ட உடான் என்கிற, சின்ன ஊர்களையும் விமானத்தால் இணைக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் தொடக்க விதிகளிலேயே, மலையும் தீவும் அல்லாத சமவெளிப் பகுதிகளுக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 800 கிலோமீட்டர் வரையான தடங்கள் என்றுதான் வகுத்திருந்தார்கள். எங்கள் தடம் அந்தத் திட்டத்துக்குள் வருமா வராதா என்பது வேறு விஷயம், அது உங்கள் விதிப்புத்தகத்துக்கே வெளிச்சம். நான் கேட்பது ஒன்றுதான். 200 கிலோமீட்டர் விமானம் விடத் தகுந்த தூரம் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கும்போது, 280 எப்படிக் குறைவாகப் போயிற்று?

இங்கே நானும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்த தூரத்துக்கு விமானம் விடுவது கம்பெனிக்குக் கையைக் கடிக்கும் என்று சொல்கிறார்கள். மேலே ஏறும்போதுதான் எண்ணெய் அதிகம் குடிக்கும், ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டி வந்தால் கணக்கு இடிக்கும், இரண்டு நிலையத்திலும் கட்டணம் வேறு. இது எனக்கு நன்றாகவே புரிகிறது. மோட்டாரும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது இழுக்கிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கை, கிளம்புகிற அந்தச் சில நொடிகளில் இழுக்கும். அதற்காக எந்த விவசாயியும் மோட்டாரே வேண்டாம் என்று மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கப் போகவில்லை. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டி, கிளம்புகிற சுமையைக் குறைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். உங்கள் துறைக்கும் ஸ்டார்ட்டர் உண்டு: தொடக்கத்தில் நஷ்ட ஈடு, கட்டணச் சலுகை, சின்ன விமானம். அதையெல்லாம் வேறு ஊர்களுக்கு மாட்டியிருக்கிறீர்கள். எங்களுக்கு மட்டும் மோட்டாரே வேண்டாம் என்கிறீர்கள்.

விமானம் நேரடியாகப் போனால் எவ்வளவு நேரம் ஆகும்? ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 280 கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிஷம் என்று பெருக்கி வகுத்து வரும். ஆனால் அட்டவணையில் போடுவது, விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் போய்ச்சேர்ந்த இடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம். உருண்டு போவது, ஏறுவது, வரிசைக்குக் காத்திருந்து இறங்குவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இதே மாதிரி விமானம் 530 கிலோமீட்டர் சென்னைக்கு ஒன்றரை மணியில் போகிறது என்பதால் இது மிகைக் கணக்கு இல்லை. வீட்டிலிருந்து வாகைக்குளம் ஒரு மணி, அங்கே ஒன்றேகால், பறக்க ஒன்று, கோவையில் வெளியே வந்து ஊருக்குள் போக ஒன்று. மொத்தம் நாலேகால். அன்றைக்கு அப்படி ஒரு விமானம் இருந்திருந்தால் பன்னிரண்டரைக்கு நான் மகள் பக்கத்தில் இருந்திருப்பேன்.

ரயில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ரயில் இருக்கிறது, நன்றி. 2023 செப்டம்பரில் திருநெல்வேலிக்கு வந்தே பாரத் வந்தது. 650 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்கு ஏழு மணி ஐம்பது நிமிஷத்தில் போகிறது. அதில் பாதித் தூரத்தைக் கொஞ்சம் தாண்டி இருக்கும் கோயம்புத்தூருக்கு ரயிலில் அதைவிட அதிக நேரம் ஆகிறது. மதுரை, திண்டுக்கல், கரூர், ஈரோடு என்று சுற்றிக்கொண்டு போனால் வேறு எப்படி ஆகும்? தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்து எங்கே போக வேண்டும் என்றாலும் சுற்றிப் போ என்பதுதான் தண்டவாளத்திலும் ஆகாயத்திலும் எங்களுக்குக் கிடைக்கும் பதில். மதுரை போய் விமானம் ஏறலாமே என்று இன்னொரு நண்பர் சொன்னார். காரில் மதுரை வரைக்கும் போனவன் கோயம்புத்தூருக்குப் பாதி வழியை நெருங்கிவிட்டான். அவன் எதற்கு வண்டியை நிறுத்த வேண்டும்?

ஆள் வருமா என்பது உங்கள் அடுத்த சந்தேகமாக இருக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கோயம்புத்தூர் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று பலகை போட்ட பஸ்களில் ஏறுவதற்கு நடக்கிற தள்ளுமுள்ளுவைப் பார்த்தால் கணக்கெடுப்பே தேவைப்படாது. கோவை வீதிகளில் மளிகைக்கடை வைத்திருக்கிறவர்கள், மில்லில் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர். அவர்கள் எல்லோரும் விமானம் ஏற மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஏ.டி.ஆர். விமானத்துக்கு வேண்டியது எழுபது எழுபத்தைந்து பேர்தான். திருப்பூர்ப் பனியன் கன்டெய்னர்களில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து கப்பல் ஏறுகிறது. அந்தச் சரக்கோடு சம்பந்தப்பட்ட வியாபாரிகளும் ஏஜென்டுகளும் இரண்டு ஊருக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் கடைக்கு எதிரில் டீ குடிக்கும்போது சொன்னார்: மாதத்தில் எட்டு ராத்திரி அவருக்குப் பஸ்ஸில்தான் தூக்கமாம்.

கம்பியைக் கையில் வைத்திருந்ததால் சும்மா ஒரு ஆசைக்கு, வரைபடத்தை மாற்றி, வாகைக்குளத்திலிருந்து கொழும்பு விமான நிலையத்துக்கும் பிடித்துப் பார்த்தேன். 265 கிலோமீட்டர் சுமார். கோயம்புத்தூரைவிடக் கொழும்பு விமான நிலையம் எங்களுக்குப் பக்கம்! 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நேராகக் கப்பல் விட்டார். அன்றைக்கு வெள்ளைக்காரக் கம்பெனியின் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கப்பல்தான் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு என்று அவர் இருந்துவிடவில்லை. கொழும்பு விமானம் இன்று நான் கேட்கவில்லை. கோயம்புத்தூரைத்தான் கேட்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, எனக்கு அனுப்பிய பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மனுவை மறுபடி எடுத்துப் பாருங்கள். இந்த முறை வான்தூரத்தை எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரைக்கும் இன்று ஆகிற மணி நேரத்தை எழுதுங்கள். கார், ரயில், பஸ், சென்னை வழி விமானம் என்று நாலையும் எழுதுங்கள். எங்கள் தடத்துக்கு மட்டுமில்லை, இதே காரணம் சொல்லி நீங்கள் ஒதுக்கிவைத்த எல்லாத் தடங்களுக்கும் எழுதுங்கள்.

அடுத்து, வாகைக்குளம் – கோயம்புத்தூர் நேரடி விமானத்தை ஆறு மாதத்துக்குச் சோதனையாக விடுங்கள். தினமும் வேண்டாம், வாரத்துக்கு மூன்று நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்றால் வியாபாரிக்கும் மாணவருக்கும் தோதாக இருக்கும். காலையில் இங்கிருந்து போய், மாலையில் அங்கிருந்து திரும்புகிற மாதிரி நேரம் வையுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு விமானத்தை விட்டுவிட்டு ஆளே வரவில்லை என்று மூடிவிட்டுப் போகாதீர்கள். அதை வேறு ஊர்களில் பார்த்துவிட்டோம். சோதனை முடிந்ததும் எத்தனை இருக்கை நிறைந்தது என்ற கணக்கை ஊருக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். நிறையவில்லை என்றால் நான் மறுபடி மனு எழுத மாட்டேன்.

அது வரும்வரை விமான நிறுவனத்தார் ஒன்று செய்யலாம். வாகைக்குளத்திலிருந்து சென்னை வந்து கோவை போகிறவனுக்கு, இரண்டு கம்பெனியானாலும் ஒரே டிக்கெட்டில் போகிற ஏற்பாட்டைச் செய்யுங்கள். காலை விமானத்துக்கும் அடுத்த கோவை விமானத்துக்கும் நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காதபடி நேரத்தைப் பொருத்துங்கள். முதலாவது தாமதமானால் அடுத்ததில் காசு கேட்காமல் ஏற்றுங்கள்.

பஸ் விஷயம் உங்கள் கையில் இல்லை, மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது என்று சொல்வீர்கள். அவர்களிடம் நீங்கள் பேசுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் பொருத்தமாக டெர்மினல் வாசலிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு பஸ், தூத்துக்குடிக்கு ஒரு பஸ். டாக்சிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போக முடிகிறவனுக்கு மட்டும் 450 கோடியில் கட்டடம் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். வல்லநாட்டுப் பாலத்தையும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இந்த மடலுக்கு அறுபது நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். கையெழுத்துக்குக் கீழே பெயரையும் பதவியையும் படிக்கும்படி எழுதி அனுப்புங்கள். சோதனை விமானத்தின் முதல் நாள் எது என்று முடிவானால் அதையும் தெரிவியுங்கள். இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். எனக்கு எந்த இருக்கையானாலும் சரி. மச்சானுக்கு இடது பக்க ஜன்னல். அவர் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒருவன்,
பாளையங்கோட்டை